எஸ்யூவி வளைவில் சாய்வது ஏன்? காருக்கு அடியில் இருக்கும் ‘ஸ்வே பார்’ செய்யும் வேலை என்ன?

இந்தியாவில் இப்போது விற்பனையாகும் புதிய பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் எஸ்யூவி, எம்பிவி ரகங்கள்தான். உயரமாக உட்கார்ந்து ஓட்டலாம், பள்ளத்தில் அடி தட்டாது. ஆனால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். உயரமான வண்டி நல்லாவே சாயும்!

அந்தச் சாய்வை இழுத்துப் பிடிக்கும் பாகம்தான் ஸ்வே பார். ஸ்டெபிலைசர் பார், ஆன்டி-ரோல் பார் என்று சொல்வதும் இதைத்தான்.

எப்படி வேலை செய்கிறது?

கிட்டத்தட்ட ‘ப’ வடிவில் வளைத்த ஸ்டீல் கம்பி இது. நடுப்பகுதி ரப்பர் புஷ் மூலம் வண்டியின் அடிப்பகுதியில் நிற்கும். இரு முனைகளும் லிங்க் ராடு வழியாக இடது, வலது சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போது கம்பி முறுக்கப்படும். அது திரும்ப நிமிரப் பார்ப்பதால் சாய்வு குறைகிறது. அவ்ளோதான்.

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் இதற்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால்தான் சிக்கல்: அந்த அதிர்வு அடுத்த பக்கத்துக்கும் போகும்.

தடிமனா போட்டா நல்லதுதானே?

20 மி.மீ. கம்பியை 22 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும். ஆனால், ஸ்வே பார் டயருக்குப் புதிதாகப் பிடிமானம் எதையும் தருவதில்லை. முன் டயர் முதலில் வழுக்குமா, பின் டயர் வழுக்குமா என்பதைத் தீர்மானிப்பதில்தான் அதன் பங்கு பெரியது. முன்பக்கம் விறைப்பாக இருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். பின்பக்கம் விறைப்பு அதிகமானால் பின்புறம் வீசும். சமாளிக்கக் கஷ்டமானது இரண்டாவதுதான். அதனால் பின் பாரை மட்டும் தடிமனாக மாற்றுவது விளையாட்டு காரியமில்லை.

1997 அக்டோபரில் சுவீடனில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. சாலையில் திடீரென மூஸ் மான் குறுக்கிட்டால் எப்படி ஒதுங்குவது என்ற சோதனையில், புத்தம் புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. விற்பனையைச் சில வாரங்கள் நிறுத்திய நிறுவனம், சஸ்பென்ஷனை மாற்றியது. சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போடும் இ.எஸ்.பி.யையும் எல்லா ஏ-கிளாஸிலும் கட்டாயமாக்கியது. உயரமான வண்டியைக் கம்பி மட்டுமே காப்பாற்றாது என்பதற்கு இதைவிட காஸ்ட்லியான பாடம் கிடைக்காது. இந்தியாவின் பாரத் என்கேப் சோதனையிலும் 3 ஸ்டாரோ அதற்கு மேலோ வாங்க இந்த எலெக்ட்ரானிக் வசதி வேண்டும்.

‘தட் தட்’ சத்தம் வந்தால்?

மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் ‘தட் தட்’ எனக் கேட்டால், பெரும்பாலும் தேய்ந்த லிங்க் ராடு அல்லது புஷ்தான். மாற்றுவது பெரிய செலவு இல்லை. சத்தம் போகட்டும் என்று சிலர் லிங்க் ராடையே கழற்றி விடுகிறார்கள். ஊருக்குள் வித்தியாசம் தெரியாது. நெடுஞ்சாலையில் நாய் குறுக்கே வந்து சட்டென ஒடிக்கும்போதுதான் தெரியும்.

பாறையில் ஏறுவதற்காக ஸ்வே பாரை பட்டன் தட்டிக் கழற்றிவிடும் வசதி ஜீப் ரேங்லர் ரூபிகானில் உண்டு. ஆனால் வேகம் சுமார் 29 கி.மீ.யைத் தாண்டினால், டிரைவரைக் கேட்காமலே அது திரும்ப மாட்டிக்கொள்ளும்.