முதல் பத்து நிமிடம் நம் கையில்!



2018-ஆம் ஆண்டு ஒரு தோட்டத்தில் நடந்த நிகழ்ச்சியைச் சொல்லி இந்தத் தலையங்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. காலை வெட்டு முடிந்து, பால் நிறுத்தாகி, ஸ்டோரில் பால் உறைய வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆசிட்டைத் தண்ணீரில் கலந்துகொண்டிருந்த பெண் தொழிலாளி ஒருவரின் கையிலிருந்து சாடி சரிந்தது. முகத்தில் ஆசிட் தெறித்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்த அம்மா அலறினார்.

சுற்றி நின்றவர்கள் பதினைந்து பேருக்குக் குறைய மாட்டார்கள். அத்தனை பேரும் நல்லவர்கள். அத்தனை பேரும் பதறினார்கள். ஒருவர் முதலுதவிப் பெட்டியை எடுத்துவர ஆபீசுக்கு ஓடினார். பெட்டி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. சாவி கிராணியிடம், கிராணியோ தோட்டத்து வேலையாகப் பட்டணம் போயிருந்தார். பூட்டை உடைக்கலாம் என்றார் ஒருவர். மானேஜரைக் கேட்காமல் எப்படி உடைப்பது என்றார் மற்றொருவர். கண்ணில் தாய்ப்பால் விட்டால் குளிரும் என்று ஒரு பாட்டி பிள்ளைக்காரி ஒருத்தியைத் தேடி லயத்துக்குப் போனார். இப்படியே அரை மணி நேரம் கழிந்தது. பிறகுதான் வேன் வந்தது.

அந்த அம்மா நின்ற இடத்துக்குப் பத்தடியில் தண்ணீர்க் குழாய் இருந்தது. தினமும் வாளி கழுவுகிற குழாய். அதை ஒருவரும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உடனே தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா?" என்பதுதான். கூடப் போனவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். அந்தக் கண்ணில் இன்று வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பழமொழி சொல்லுவோம். இங்கே மெய்யாகவே ஒரு கண் கெட்டது.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டணம் போன கிராணி, இதை எழுதுகிறவன்தான். மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை. மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காய்ந்துபோன மருந்துப் புட்டி ஒன்று, ஒட்டும் தன்மை போன பிளாஸ்திரி, பழுப்பேறிய துணிச்சுருள் இரண்டு. பெட்டியின் மூடியில் ஓர் அட்டை. மாதந்தோறும் சோதிக்கப்பட்டது, எல்லாம் சரி என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே என் கையெழுத்து. பல மாதங்கள் கழித்து அந்த அம்மா பெரட்டுக் களத்தில் என்னைப் பார்த்து, "கிராணி ஐயா, அன்னைக்குச் சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் இருக்கவில்லை.

தோழர்களே, பூட்டும் சாவியும் மட்டுமா அன்று குற்றவாளி? பெட்டி திறந்தே கிடந்திருந்தாலும் அதில் இருந்த எதுவும் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிராது. வேண்டியிருந்தது தண்ணீர். தண்ணீர் இருந்தது. தண்ணீர்தான் மருந்து என்ற அறிவு பதினைந்து பேரில் ஒருவருக்கும் இல்லை. இந்தக் கிராணிக்கும் இல்லை. ஆகவேதான் சொல்லுகிறோம்: முதலுதவி என்பது டாக்டருக்கும் டிரெஸ்ஸருக்கும் உரிய வித்தை என்ற எண்ணத்தை இன்றோடு விட்டொழிப்போம்.

ஒரு காலத்தில் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட டிரெஸ்ஸர் இருந்தார். நடுச்சாமத்தில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். இன்று எத்தனையோ தோட்டங்களில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. பால்மரம் அழிந்து செம்பனை வந்தது, டிவிஷன்கள் சுருங்கின, ஆள் குறைந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்களும் நல்ல மருந்தும் இருக்கலாம். ஆனால் செம்மண் பாதையைத் தாண்டி அங்கே போய்ச் சேரும் வரை அடிபட்டவருக்கு யார் துணை? பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிற தோழன்தான் துணை. முதல் பத்து நிமிடம் அவன் கையில் இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது? நம் குறையை நாமே பேசுவோம்.

பால் கத்தி கையைக் கிழித்தால் காப்பித் தூளை அப்புகிறோம். புகையிலையை வைத்துக் கட்டுகிறோம். சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேல் வைத்து, விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும்.

கொதிநீர் பட்டால் பற்பசை பூசுகிறோம், கீச்சாப் ஊற்றுகிறோம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் குளிர வைப்பதுதான் முறை. ஆசிட்டோ, பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ கண்ணில் பட்டாலும் அதே தண்ணீர்தான். தலையைப் பட்ட கண்ணின் பக்கமாகச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி.

காக்காய் வலிப்பு வந்தவன் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். வாயில் கரண்டியைச் செருகுகிறோம். இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை; கரண்டி பல்லை உடைக்கும், மூச்சையும் அடைக்கும். பக்கத்தில் கிடக்கும் கத்தி, வாளி முதலியவற்றை அகற்றி, தலைக்கடியில் துணியை வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

இடி விழுந்தவனைத் தொடவே பயப்படுகிறோம், அவன் உடம்பில் மின்சாரம் இருக்கும் என்று. இடி விழுந்த உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. தாராளமாகத் தொடலாம். மூச்சும் பேச்சும் இல்லையென்றால் நடு நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் மாற வேண்டும். பயந்து விலகி நின்றால் பிழைக்கக்கூடியவனும் போய்விடுவான். மின்கம்பியில் சிக்கியவன் கதை வேறு. அங்கே முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.

இனி, பாம்பு. வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கத்துப் பால்மரக் காடுகளில் ஒருவகைப் பாம்பு உண்டு. மலாய்க்காரர் அதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். காய்ந்த சருகோடு சருகாய்க் கிடக்கும். ஆள் கிட்டே வந்தாலும் விலகாது. இருட்டோடு மரம் வெட்டப் போகிறவர்கள் அதை மிதித்துக் கடிபட்டார்கள். பினாங்குப் பொது மருத்துவமனையில் 1950-களில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட் என்பவர் இத்தகைய கடிகளை ஆராய்ந்தார். விஷப் பாம்பு கடித்தாலும் பலருக்கு விஷம் சிறிதளவே இறங்குகிறது, சிலருக்கு இறங்குவதே இல்லை என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று. இதை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். மந்திரித்தோம், பிழைத்தான், கயிற்றால் இறுக்கிக் கட்டினோம், பிழைத்தான் என்று நாம் சொல்லி வருவதில் எத்தனை கடி விஷம் இறங்காத கடியோ? அவன் பிழைத்ததைக் கண்டு அடுத்தவனுக்கும் அதையே செய்கிறோம். அவனுக்கு விஷம் இறங்கியிருந்தால்? மந்திரத்தில் நேரம் போகும். கயிற்றில் கால் போகும்.

கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பாம்பை அடிக்கத் துரத்தாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, மெட்டி, கொலுசு, மோதிரம் முதலியவற்றைக் கழற்றி, காலை ஆடாமல் வைத்து, தைரியம் சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு விரைவாகக் கொண்டுசெல்லுங்கள். எதுவும் ஆகவில்லை என்று தோன்றினாலும் கொண்டுசெல்லுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் முதலுதவி தெரிந்துவிட்டது என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். மரம் வெட்டுவதைக் காகிதத்தில் படித்தா கற்றோம்? கையில் கத்தி பிடித்துக் கற்றோம். இதுவும் கைப்பழக்கமே. செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இந்நாட்டில் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. அந்த விபத்துக்குப் பிறகு வெட்டுக்காரர் இருவர், ஆயாக்கொட்டகை ஆயா ஒருவர், இந்தக் கிராணி ஆக நால்வர் ஒரு வகுப்புக்குப் போனோம். நெஞ்சழுத்தப் பழக வைத்த பொம்மையின் முன் பேனா பிடித்த கை இரண்டு நிமிடத்தில் சோர்ந்தது. காண்டா தூக்கிப் பழகிய கை சோரவில்லை. அந்த வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நம் வெட்டுக்காரத் தோழரும் ஒருவர் என்பதைப் பெருமையோடு எழுதுகிறேன். கிராணிமாருக்கு ஒரு சங்கம், வெட்டுக்காரருக்கு ஒரு சங்கம் என்று இருக்கலாம். இரத்தத்தை நிறுத்துவதற்கு ஒரே முறைதான்.

நம் கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து ஒரு கேள்வி போட்டார். "நாமே எல்லாம் கற்றுக்கொண்டால், டிரெஸ்ஸர் எதற்கு, கிளினிக் எதற்கு என்று நிர்வாகம் கைகழுவிவிடாதா?" நியாயமான கேள்வி. நிர்வாகத்தோடு பேசிப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. நம் பதில் இது: முதலுதவி வைத்தியமன்று. வைத்தியம் வந்து சேரும் வரை உயிரைப் பிடித்து வைப்பது, அவ்வளவே. தொழிலாளரின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் முதலாளிதான் பொறுப்பு என்றும், அதற்கு வேண்டிய பயிற்சியை அவரே அளிக்க வேண்டும் என்றும் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்லுகிறது. நாம் கற்பதால் அந்தக் கடமை ஒரு காசளவும் குறையாது. கற்றவன் கண்ணுக்குத்தான் பெட்டி காலியாக இருப்பது தெரியும். கல்லாதவனுக்குப் பெட்டி இருப்பதே போதும் என்று தோன்றும். மாதந்தோறும் கையெழுத்துப் போட்ட ஒருவன் இதைச் சொல்லுகிறான்; நம்புங்கள்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும். ஸ்டோரிலும், ஆயாக்கொட்டகையிலும், ஒவ்வொரு டிவிஷனிலும் பூட்டில்லாத முதலுதவிப் பெட்டி வேண்டும். காட்டு வேலையில் மண்டோர் கையில் ஒரு சிறு பை வேண்டும். ஆசிட் புழங்கும் இடத்தில் கண் கழுவத் தண்ணீர் வசதி வேண்டும். பயிற்சி நாளுக்கு முழுச் சம்பளம் வேண்டும். இரவில் வெளிவாசல் கேட்டைத் திறக்க ஆள் வேண்டும். அவசரத்துக்கு வண்டியும் அதை ஓட்ட ஆளும் வேண்டும். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவின் மேசையில் இந்தக் கோரிக்கைகளை வையுங்கள். குழு இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. முதலுதவி தெரிந்தவர்களின் பெயரைப் பெரட்டுக் களத்தில் எழுதி ஒட்டுங்கள். 999-க்குப் போன் செய்தால் பதற்றத்தில் பாதியில் வைத்துவிடாதீர்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பெரிய சாலையில் எத்தனையாவது கட்டையில் திரும்ப வேண்டும் என்பவற்றை மலாயில் சொல்ல நம் பிள்ளைகளுக்கும் பழக்கிவையுங்கள். சாலை முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள். இன்று பக்கத்து லயத்தில் இருப்பவர் இந்தோனேசியராக இருக்கலாம், வங்காளதேசத்தவராக இருக்கலாம். அவருக்கும் சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு நாம் விழுந்து கிடக்கும்போது அருகில் நிற்பவர் அவராகவும் இருக்கலாம் அன்றோ?

கிராணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஆபீசில் உள்ள பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் காலி என்று எழுதுங்கள். பூட்டைக் கழற்றிவிடுங்கள். சாவி தொலைந்து போகட்டும்.

முதலுதவி கற்போம்! உடன் உழைப்பவரின் உயிர் காப்போம்!