கண்டியில் ஒரு மட்கார்ட் செய்ய

வாகன இறக்குமதி பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 2020 மார்ச்சில் பூட்டிய கதவு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. திறந்த பிறகும் வரிக்கு மேல் வரி ஏறி, ஒரு சின்ன ஜப்பான் கார்கூட மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. வாசகர்கள் பலர் அதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண்டியில் ஒரு கராஜில் காதில் விழுந்த பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. அதைச் சொல்லாமல் வரி, டொலர் என்று என்னால் எழுத முடியாது.

என் அக்கா மகனுக்கு அவனுடைய தாத்தா விட்டுப்போன மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய இலக்கத்தகடு. ஸ்டார்ட்டரை இழுத்தால் எஞ்சின் இன்றும் பிடிக்கிறது. முன்பக்கத்து இடது மட்கார்ட்தான் கீழ்விளிம்பெல்லாம் அரித்துப் போய்விட்டது; கண்டி மழை எந்தத் தகரத்தைத்தான் விட்டு வைத்தது? கராஜ்காரர் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கெல்லாம் இப்ப யாரு தகரம் அடிக்கிறாங்க? கட்டலோய்ப் பசை போட்டு மூடி, பெயின்ட் அடிச்சுத் தாரேன். இல்லாட்டி ஃபைபர்ல ஒண்ணு வார்த்துக்குவோம். கையால அடிச்சு எடுக்கிற ஆள் கண்டியில இல்ல சார்."

கண்டியில் இல்லையாம்! இந்த நகரத்திலிருந்து பிலிமத்தலாவை எவ்வளவு தூரம்? கொழும்பு வீதியின் ஓரத்தில் பித்தளைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து சற்று உள்ளே போனால் கடலாதெனிய விகாரை, 1344 இல் கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி எழுப்பியது. குண்டசாலைப் பக்கம் போனால் நத்தரம்பொத்தவும் கலாபுரயவும். வெள்ளித் தகட்டைக் குங்கிலியப் படுக்கையில் அமர்த்தி, உட்புறத்திலிருந்து தட்டித் தட்டி அன்னத்தையும் கொடியையும் எழுப்புகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தட்டையான உலோகத்துக்கு உடம்பு கொடுக்கிற வேலையில் கண்டிக்கு நிகரான ஊர் இந்தத் தீவில் இல்லை. அந்த ஊரில் ஒரு மட்கார்டை வளைக்க ஆளில்லை என்றால் எனக்கு ஆறவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நான் அடுத்து எந்த நூலை எடுப்பேன் என்று தெரியும். ஆனந்த குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை நூலைத்தான். அதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், கனிமவியல் ஆய்வுத்துறையின் பணிப்பாளராக இலங்கையில் இருந்த புவியியலாளர், கற்களைத் தேடிப்போன இடங்களில் கைவினைஞர்களைக் கண்டார். கொல்லர், தட்டார், வார்ப்புக்காரர் என்று ஒவ்வொருவரின் பட்டடையிலும் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எந்தச் சுத்தியல், எந்த உலோகத்தை எப்போது காய்ச்சுவது என்று எழுதி வைத்தார். அவருடைய மனைவி எதெல் படம் பிடித்தார். கண்டி அரசனுக்கென்றே வேலை செய்த நான்கு பட்டடைகளைப் பற்றி, பட்டல் ஹத்தர என்பதைப் பற்றி, அந்த நூலில் வாசித்த நாள் முதல் நான் தலதா மாளிகைப் பக்கம் போகும்போதெல்லாம் முதலில் உலோக வேலையைத்தான் பார்க்கிறேன். அரசன் காணி கொடுத்தான். கைவினைஞன் வேலை கொடுத்தான். 1815 இல் அரசன் போனான். 1832 இல் இராஜகாரிய முறையும் நீக்கப்பட்டது. கட்டாய வேலை ஒழிந்தது நல்லது. ஆனால் அதோடு, வேலையின் தரம் தெரிந்து கேட்கிறவனும் ஒழிந்து போனான் என்பதுதான் குமாரசுவாமியின் துயரம். 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதமும் இந்தத் துயரத்தில் பிறந்ததுதான்.

அந்த நூல் அச்சான விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ப்ரோட் கெம்ப்டன் என்ற சிற்றூரில், தன் வீட்டிலேயே, 1907 இலும் 1908 இலும் குமாரசுவாமி அதை அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள். கைவேலையின் மானத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய வில்லியம் மொரிஸ் தன் நூல்களை அச்சிட்ட அதே கையச்சுப் பொறியில்தான் கண்டிக் கம்மாளரின் நூலும் அச்சேறியது. அதே பெயரில் இன்னொரு வில்லியம் மொரிஸும் இங்கிலாந்தில் இருந்தார். ஒக்ஸ்போர்டில் சைக்கிள் திருத்தித் தொழில் தொடங்கி, பின்னாளில் நஃபீல்ட் பிரபு ஆனவர். மொரிஸ் கார்கள் அவருடையவை. அவரும் குமாரசுவாமியும் பிறந்தது ஒரே ஆண்டில், 1877 இல். ஒரு மொரிஸின் பொறியில் கண்டியின் கைவேலை அச்சாகிறது; மற்ற மொரிஸின் கார் கண்டி மழையில் அரித்து, ஒரு கைவேலைக்காரனைத் தேடி நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

கார் விஷயத்துக்கு வருகிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. வெளிவருவதற்கு முன்னர், உடம்பு ஒடுங்கலாக இருக்கிறது என்று மாதிரிக் காரை நடுவில் அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்திருக்கிறார். பொனட்டின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். இந்தக் காருக்குத் தனியான சட்டகம் கிடையாது, உடம்பேதான் எலும்பு. மட்கார்டுகளை போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதியும் பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடமும் துருப்பிடித்தால் கார் நடுவில் தளர்ந்துவிடும். அங்கே பசையைப் பூசிப் பெயின்ட் அடிப்பது ஆளைக் கொல்கிற வேலை. மட்கார்டில் பசை வைக்கத் துணிகிறவர் அங்கேயும் வைப்பார் என்பதால்தான் நான் மருமகனை அந்தக் கராஜிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

கடைசியில் வழி சொன்னவர் பிலிமத்தலாவையில் பித்தளை விளக்குச் செய்கிறவர். தன் பழைய வேனைத் தகரம் அடிக்கிற ஒரு டிங்கரைத் தவிர வேறு யாரிடமும் விடமாட்டாராம். அவர் சொன்னபடி கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் போனோம். பெயர்ப்பலகை இல்லாத ஒரு கொட்டில். வாசலில் நடுவே குழி விழுந்த பலாமரக் கட்டை. அதன்மேல் மணல் நிரப்பிய தோல் பை. அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டிங்கரைத் தேடுகிறவர்கள் சுவரில் தொங்கும் புதுக் கார்ப் படங்களைப் பார்க்க வேண்டாம். இந்தக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடிக்காத துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெளிப்புறத்தை யாரும் மினுக்கிவிடலாம்.

கொட்டிலில் வேலை செய்யும் பெரியவர் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் ஒருவரின் மகன். இதில் எனக்கு வியப்பில்லை. 1854 இல் ஜோன் வோக்கர் கண்டியில்தான் கோப்பி இயந்திரப் பட்டறையைத் தொடங்கினார். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது பட்டறைகளும் தேயிலைக்கு மாறின. தோட்டத்துக்கு ஒரு ஃபிட்டர், அவருக்குக் கீழே இரண்டு மூன்று பையன்கள் என்று மலைநாடு முழுவதும் ஓர் உலோகக் கல்வி நடந்திருக்கிறது. அதை எழுத ஒரு குமாரசுவாமி வரவில்லை. 1977 க்கு முன்னர் இறக்குமதி இறுக்கிக் கட்டப்பட்டிருந்த ஆண்டுகளில் இந்த நாட்டுக் கார்களை ஓடவைத்தது அந்தக் கல்விதான். 2020 க்குப் பின்னரும் அதன் மிச்சம்தான் கைகொடுத்தது.

"தகரத்தை அடிச்சா நீளும் சார்," என்றார் அவர், வேலையை நிறுத்தாமலே. "அடிக்க எல்லாருக்கும் தெரியும். நீண்டதைச் சுருக்கணும். அது தெரிஞ்சாத்தான் டிங்கர்."

சுருக்குவதைச் செய்தும் காட்டினார். உப்பி நின்ற இடத்தில் காஸ் சுடரால் சின்னதாக ஒரு புள்ளி சிவக்கக் காய்ச்சினார். அடியில் இரும்புத் தாங்கியைப் பிடித்துச் சுற்றிலும் தட்டினார். ஈரத்துணியை அழுத்தினார். உப்பல் உள்ளே போய்விட்டது. சூட்டில் விரிய முயல்கிற புள்ளியைச் சுற்றியுள்ள குளிர்ந்த தகரம் விரியவிடாது. அந்தப் புள்ளி அங்கேயே தடித்து, குளிரும்போது சுற்றுப்புறத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. தாங்கிக்கு நேர்மேலே அடித்தால் தகரம் நீளும். தாங்கி பள்ளத்துக்கு அடியில் இருக்க, பக்கத்து மேட்டில் அடித்தால் மேடு இறங்கிப் பள்ளம் ஏறும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் பார்த்தார். ஒட்டுப்போட்ட இடத்தின் மெல்லிய பள்ளத்துக்கு அவர் பசை வைப்பதில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த கட்டியை இளக்கி, கொழுப்புத் தடவிய மரத்துடுப்பால் இழைத்துவிடுகிறார். பிறகு அரத்தால்தான் சீவுகிறார். ஈயத்தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது என்று உப்புத்தாளை அந்த இடத்தில் தொடவே விடுவதில்லை. நான் குமாரசுவாமியின் நூலில் வாசித்த பட்டடை இதுதான். வெள்ளிக்குப் பதில் இரும்புத் தகடு, அவ்வளவுதான்.

இதெல்லாம் பழையதில் மயங்கிப் பேசுகிற பேச்சு என்று நினைப்பவர்களுக்குக் காலியைக் காட்டுகிறேன். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், ஒரு காரை எறியாமல் திருத்தித் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்று 1982 இல் ஒரு நூலே எழுதினார். அவரும் தனபால சமரசேகர என்ற இலங்கையரும் சேர்ந்து, 1990 களின் தொடக்கத்தில் காலிப் பக்கத்தில் மொரிஸ் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்யும் தொழிலகம் ஒன்றை நிறுவினார்கள். இங்கே அடித்த மட்கார்டுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. கார் பிறந்த நாட்டுக்கே நம் கைகள் உடம்பு செய்து அனுப்பியிருக்கின்றன! அப்படியிருக்க, கண்டியில் ஆளில்லை என்கிறார்கள்.

ஆள் இருக்கிறார். அவருக்குப் பின்னால்தான் ஆளில்லை. தேசிய அருங்கலைகள் பேரவை ஆண்டுதோறும் சில்ப அபிமானி விருது கொடுக்கிறது. பித்தளை, வெள்ளி, பன், களிமண் எல்லாவற்றுக்கும் மேடை உண்டு, உண்டாகவும் வேண்டும். ஆனால் அதே சுத்தியலைப் பிடித்து, அதைவிடக் கடினமான உலோகத்தைப் பணியவைக்கும் டிங்கரை அந்த மேடைக்கு அழைக்க யாருக்கும் தோன்றியதில்லை. அவர் கையில் எண்ணெய் இருக்கிறது என்பதுதான் குறை போலிருக்கிறது. பேரவையில் இதை வாசிக்கிறவர்கள் யாராவது ஒருமுறை கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாருங்கள். நானே அழைத்துப் போகிறேன்.

பெரியவரிடம் இப்போது ஒரு பையன் நிற்கிறான். தெல்தெனியப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறான். முச்சக்கரவண்டி ஓட்டினால் இதைவிடக் கூடக் கிடைக்கும் என்று வீட்டில் தினமும் சண்டையாம். சுருக்குகிற வேலை கைக்கு வர நாலைந்து வருடம் பிடிக்கும் என்கிறார் பெரியவர். அவ்வளவு காலம் அவன் நிற்பானா என்று அவருக்கே நிச்சயமில்லை. மட்கார்டுக்கு அவர் கேட்ட விலையை மருமகன் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டான். பையனின் நாட்கூலியையும் பஸ் காசையும் தனியாக எழுதிச் சேர்க்கச் சொன்னேன். அதற்கும் சம்மதித்துவிட்டான். பெட்டிப்பகுதியையும் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தையும் அடுத்து அவரிடமே கொடுக்கப் போகிறோம்.