அது மீன்தானே?

"அது மீன்தானே மகள், வேறொன்டு வாங்கினாப் போச்சு" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு 3 வயதில் வாப்பா ஒரு சோடிக் கோமாளி மீன் வாங்கி வந்தார். 'நீமோ' படம் பார்த்துவிட்டு நான் அழுத அழுகைதான் காரணமாம். கடந்த நோன்பு மாதத்தில் பெரியது இறந்தபோது எனக்கு 17 வயது. மூன்று நாலு வருடம் இருக்கும் என்றுதான் கடைக்காரர் சொன்னாராம். நன்றாகப் பராமரித்தால் 20 வருடங்களுக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது என்பதைப் பின்னர் வாசித்துத்தான் அறிந்தேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மோட்டர் நின்றால் நீரில் ஒட்சிசன் குறையும். உம்மாவும் நானும் முறைபோட்டுக் கோப்பையால் தொட்டி நீரை அள்ளி, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தோம். அதையெல்லாம் தாண்டி வந்த மீன் அது.

தொட்டி நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகும்வரை முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். தவணைப் பரீட்சை அவசரத்தில் நான் குழாயிலிருந்து நேரே ஒரு வாளி பிடித்து ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் அது பக்கவாட்டில் கிடந்தது. "வயசும் போயிட்டுதானே" என்கிறார் வாப்பா. அப்படிச் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை.

இறந்தது பெண் மீன். இந்த இனத்தில் பெரியதும் அதிகாரம் உள்ளதும் பெண்தான். அது போய்விட்டால் ஆண் மீனே பெண்ணாக மாறக்கூடும். (வகுப்பில் இதைச் சொன்னபோது தோழிகள் கைதட்டினார்கள்.) எஞ்சிய சின்னது இப்போது பெரியதின் மூலையில் போய் நிற்கிறது.

அதற்குத் துணை வாங்கலாம் என்கிறார் வாப்பா. 5 வயதுத் தம்பிக்கோ நீல நிற 'டோரி' வேண்டுமாம். டோரி ஓர் அடி வரை வளரும். எங்கள் தொட்டி மூன்றடி. கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். டோரியை இன்றும் பெரும்பாலும் கடலில்தான் பிடிக்கிறார்கள். கடலில் நீந்திய ஒன்றை ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்துவதற்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் அழுகைக்கு வாங்கியதை 14 வருடங்கள் சுமந்தவர்கள் வாப்பாவும் உம்மாவும்தான். பெற்றார் விலையைக் கேட்கும்போதே அதன் ஆயுளையும் கேட்க வேண்டும். பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போனால் யார் பார்ப்பது என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் பிடித்து வைப்பது தம்பியின் வேலை என்று முடிவாகியிருக்கிறது. ஒரு வருடம் தவறாமல் செய்தால் துணை மீனைப் பற்றிப் பேசலாம் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று வெள்ளி போயிருக்கிறது. இரண்டில் மறந்துவிட்டான்.