தலைக்கு ஹெல்மெட்... கைக்கு?

“வாயைத் திறடா!” என்று என் மனைவி ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டியபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபத்து நாலு வயசுப் பையன். வேலைக்குப் போகிறவன். இரண்டு வயசுக் குழந்தை மாதிரி அம்மா முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தான். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. “இடது கையில ஸ்பூன் பிடிக்க வேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள். அதிலும் கட்டு!

சாப்பாடாவது பரவாயில்லை. பாத்ரூமுக்கு யார் துணைக்குப் போவது? அப்பாதான். அந்த மூன்று வாரமும் அவனும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக் கொள்ளவே இல்லை.

நடந்தது பெரிய விபத்து ஒன்றும் கிடையாது. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வளைவில் லாரியில் இருந்து கொட்டிய மணல் கிடந்திருக்கிறது. பிரேக் பிடித்தான், முன்சக்கரம் வழுக்கியது, அவ்வளவுதான். வேகம் நாற்பதுக்கு மேல் இருக்காது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் இரண்டு உள்ளங்கையும் தார் ரோட்டில் தேய்ந்து போயிருந்தது.

இதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். பைக் எடுத்த அன்றைக்கே அவன் கேட்டான், “அப்பா, ஒரு நல்ல க்ளவுஸும் வாங்கிக்கிரலாம்ப்பா, ரெண்டாயிரம் ரூபா ஆகும்.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ என்ன ரேஸுக்கா போகப் போற?” லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வண்டி எடுத்தவன், சீட் கவருக்கும் சைலன்சர் பக்கத்துக் கம்பிக்கும் கேட்ட பணத்தைக் கொடுத்தவன், கைக்கு என்றதும் கணக்குப் பார்த்தேன். பையன் பிளாட்பாரத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொண்டான். முட்டி மேலே கறுப்பு பிளாஸ்டிக் எல்லாம் வைத்துப் பார்க்க ஜோராக இருக்கும். விழுந்த அன்று இடது க்ளவுஸ் கழன்று எங்கோ பறந்துவிட்டது. வலது கையில் இருந்தது, உள்ளங்கைப் பக்கம் கிழிந்து, தோலோடு ஒட்டிக் கொண்டிருந்தது. டாக்டர் அதைக் கத்தரித்து எடுத்தார்.

ஏன் கை? யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் கால் தடுக்கினாலும் முதலில் எதை நீட்டுகிறோம்? கையைத்தான். மூளை யோசித்து உத்தரவு போடும் விஷயம் இல்லை இது. கீழே விழுகிற எவனும், எந்த வேகத்தில் விழுந்தாலும், உள்ளங்கையை விரித்து ஊன்றுவான். அந்த ஊன்றலில் இரண்டு கெடுதல் நடக்கிறது. ஒன்று தோல் தேய்வது. அது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று தெரியாது.

மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாக முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு குட்டி எலும்பு இருக்கிறது. பெயர் ஸ்கேஃபாய்டு. உள்ளங்கை ரோட்டில் கடித்துப் பிடித்து நின்றுவிட, உடம்பு முன்னால் போக, மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கும்போது இந்த எலும்புதான் அடி வாங்குகிறது. இதில் ஒரு சங்கடம். விரிசல் விட்டாலும் முதல் நாள் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது! என் மகனுக்கும் அப்படித்தான். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆனால் டாக்டர் விடவில்லை. “தம்பி, கட்டை விரலை நல்லா நிமிர்த்து” என்றார். அப்படி நிமிர்த்தினால் விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தக் காலத்தில் அதில்தான் மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சுவார்களாம். டாக்டர்கள் அதைப் பொடி டப்பி என்றே சொல்கிறார்கள். அங்கே விரலால் அழுத்தினார். பையன் துள்ளிவிட்டான். “எக்ஸ்ரேல இல்லேன்னாலும் இருக்குன்னே வச்சுக்குவோம்” என்று தாங்கு கட்டு போட்டு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் கோடு தெரிந்தது. அப்புறம் மாவுக்கட்டு.

இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்தில் இருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் சரியாகப் போகாது. அதனால் கூடுவதற்கு மாசக்கணக்கில் ஆகலாம். கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், பிற்காலத்தில் மணிக்கட்டுத் தேய்மானத்தில் கொண்டு விடலாம். ஆகவே வண்டியில் இருந்து விழுந்து, “எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையாம்” என்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால் மறுபடியும் டாக்டரிடம் போங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விடாதீர்கள், தயவுசெய்து!

சட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. உயிர் போகிற இடம் தலை, அதனால் முதலில் தலை. கையுறை பற்றி அதில் பேச்சே இல்லை. போலீஸ் கேட்காததை நாமும் வாங்குவதில்லை. அவ்வளவுதானே நம் வழக்கம்?

சரி, என்ன வாங்குவது? மாவுக்கட்டு பிரித்த பிறகு மகனையும் கூட்டிக் கொண்டு நானே கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி எடுத்துக் காட்டிய எல்லாவற்றிலும் முதலில் தட்டிக் காட்டியது முட்டியைத்தான். “பாருங்க சார், கார்பன்!” என்றார். டொக் டொக் என்று சத்தம் வேறு! நான் க்ளவுஸைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தேன். மெல்லிசுத் துணி. கடையில் விற்பது முட்டி, விழுவது உள்ளங்கை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக் கொண்டு போனால் பாதிக் கடையை நீங்கள் தாண்டி வந்துவிடலாம்.

உள்ளங்கை முழுக்க நிஜத் தோலாக இருக்க வேண்டும். ரெக்சின் வேண்டாம். ஆட்டுத் தோல் மெல்லிசு, ஆனால் உறுதி. கிளட்ச் பிடிக்க விரல் நன்றாக மடங்கும். (ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்புகிற ஊர்க்காரர்கள் நாம். நம் பிள்ளைகள் ரெக்சினைப் போட்டுக் கொண்டு ஓட்டுகிறார்கள்!) உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வழவழப்பான கெட்டி வில்லை ஒன்று பதித்திருக்கும். அதை அவசியம் பாருங்கள். விழும்போது கை ரோட்டைக் கடித்து நிற்காமல் சறுக்கிக் கொண்டு போவதற்காக வைப்பது அது. அந்த முந்திரிப்பருப்பு எலும்புக்காகத்தான். சுண்டு விரலின் வெளிப்பக்கத்தில் இரட்டைத் தோல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சறுக்கும்போது ஓரத்தில் இருக்கும் அந்த விரல் அதிகம் தேயும்.

அப்புறம் இழுத்துப் பார்க்கிற பரீட்சை. பையன் க்ளவுஸைப் போட்டு மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கொள்ளட்டும். நீங்கள் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து நன்றாக இழுங்கள். கழன்று வந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். கடையில் உங்கள் இழுப்புக்கே வருவது ரோட்டில் நிற்குமா? நான் இழுத்த இழுப்பில் மூன்று ஜோடி கையோடு வந்தது. கடைக்காரத் தம்பிக்குக் கோபம்தான். வரட்டும்.

ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு தர விதி இருக்கிறது. ஈ.என். 13594 என்று உள்பக்கச் சீட்டில், மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆள் படத்தோடு போட்டிருப்பார்கள். பக்கத்தில் 1 அல்லது 2 என்று இருக்கும். 2015-ம் வருஷத்து விதிப்படி, தேய்க்கிற இயந்திரத்தில் உள்ளங்கை முதல் தரத்துக்கு 4 விநாடியும், இரண்டாம் தரத்துக்கு 8 விநாடியும் தாங்க வேண்டும். “நாலு விநாடி என்ன பிரமாதம்?” என்று தோன்றும். நாற்பது வேகத்தில் விழுந்தவன் சறுக்கி நிற்க அவ்வளவு நேரம்கூட ஆகாது. இழுத்தால் கழலாத பரீட்சையும் அதிலேயே உண்டு. இதே முத்திரையோடு இந்தியாவிலும் இப்போது கிடைக்கிறது.

நீளம்தான் எல்லோரும் குழம்புகிற இடம். மணிக்கட்டோடு முடிகிற குட்டைக் க்ளவுஸா, மணிக்கட்டைத் தாண்டி முன்கைக்கு மேல் ஏறுகிற காண்ட்லெட்டா? அதே விதியில் முதல் தரத்துக்கு மணிக்கட்டைத் தாண்டி 15 மில்லிமீட்டர் போதும். இரண்டாம் தரத்துக்கு 50 மில்லிமீட்டர் வேண்டும். காண்ட்லெட்டில் இரண்டு பட்டை இருக்கும், ஒன்று மணிக்கட்டில், இன்னொன்று முன்கையில். சட்டைக்கும் க்ளவுஸுக்கும் நடுவே தோல் தெரியாது. கழலவும் கழலாது. பாதுகாப்பில் அதற்கு ஈடு இல்லை, சந்தேகமே வேண்டாம்.

ஆனாலும் என் அபிப்பிராயம் இது. நாலுவழிச் சாலையில் ஊர் விட்டு ஊர் போகிற பிள்ளைக்குக் கட்டாயம் காண்ட்லெட். தினம் பத்து நிமிஷம் ஆபீஸ் போகிறவனுக்குக் குட்டையே போதும், ஆனால் மேலே சொன்ன தோல், வில்லை, பட்டை மூன்றும் இருக்க வேண்டும். பயத்தில் பெரியதாக வாங்கிக் கொடுத்து, அது மே மாச வெயிலில் பீரோவுக்குள் தூங்கினால் என்ன பிரயோஜனம்? புறங்கைப் பக்கம் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருப்பதை வாங்குங்கள். அங்கே கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். உள்ளங்கையில் கூடாது. என் மகனுக்கு இரண்டும் வாங்கினேன். பைக் விலையோடு பார்த்தால் அது ஒரு பணமே இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது!

அளவுக்கு, கட்டை விரலை விட்டுவிட்டு முட்டியைச் சுற்றி இஞ்சு டேப்பால் அளந்து கொண்டு போங்கள். போட்டுக் கொண்டு வண்டியின் கைப்பிடியை நிஜமாகவே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் தோல் மடிந்து நின்றால் பெரிசு. ஐந்து நிமிஷத்தில் விரல் மரத்தால் சிறிசு.

ஸ்கூட்டி ஓட்டும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலுக்காக முழங்கை வரை இழுத்து மாட்டும் காட்டன் உறை கறுக்காமல் காக்கும், அவ்வளவுதான். தார் ரோட்டில் அது நொடியில் கிழியும். கைப்பிடியிலும் வழுக்கும். கல்லூரிக்குப் போகும் உங்கள் மகளுக்கும் உள்ளங்கை உள்ளங்கைதானே? பெண்கள் அளவில் தோல் க்ளவுஸ் கிடைக்கிறது.

ஆண்களுக்கும் ஒன்று: நவரத்தின மோதிரத்தை வண்டி ஓட்டும்போது கழற்றி வையுங்கள். மோதிரம் எதிலாவது மாட்டி இழுத்தால் விரலின் சதையை உரித்துக் கொண்டு வந்துவிடும். க்ளவுஸுக்குள் போட்டிருந்தாலும் அடிபட்டு விரல் வீங்கினால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வியர்வை நாற்றம் ஒரு பெரிய புகார். வந்ததும் டிக்கிக்குள் திணிக்காமல் நிழலில் காற்றாட விரித்துப் போட்டால் பாதி நாற்றம் போய்விடும். வெயிலில் காயப் போட்டால் தோல் அப்பளம் மாதிரி விறைக்கும். புதுத் தோல் க்ளவுஸ் போட்ட பிறகு புறங்கையில் அரிப்பும் தடிப்பும் வந்தால், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாது, தோல் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டும் சிலர் சமாளிக்கிறார்கள். ஒரு தடவை விழுந்து தேய்ந்த க்ளவுஸை மட்டும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டு மாட்டாதீர்கள். என் மனைவி பழையதைத் தைத்து வைக்கலாமா என்று கேட்டாள். நான் நேராகக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.