பிரிக்காத பொம்மை யாருக்கு?



போன மாசம் நம்ம சுவர் இதழில் தபால் தலை சேகரிப்பது பற்றி எட்டாம் வகுப்பில் ஒருவர் எழுதியிருந்தார். எல்லாரும் நின்று படித்தோம். நானும் சேகரிப்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் பாராட்டி இல்லை. கொஞ்சம் சண்டை போடுவதற்காக எழுதுகிறேன். படித்துவிட்டு என்கூட யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரலாம்.

கோடை விடுமுறைக்கு நானும் தம்பியும் அம்மாவுடன் சென்னையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியம்மா மகன், அதாவது எனக்கு அண்ணன், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். அவர் ரூமில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் முழுக்க பொம்மைகள். சாமி பொம்மையோ பார்பியோ கிடையாது. தவளை, பன்றி, கரடி, ஆரஞ்சு நிற முடியோடு ஒரு பயந்தாங்கொள்ளி, பல் தெரியச் சிரிக்கும் ஒரு பாட்டுக்காரன். எல்லாமே அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தன. ஒன்றுகூட பிரிக்கவில்லை. இதற்குப் பெயர் ஆக்ஷன் ஃபிகராம். (சிரிக்காதீங்க. நம்ம பசங்க சொல்ற ஃபிகர் இல்லை. கை, கால், கழுத்து எல்லாம் மடங்கும் பொம்மை என்று அர்த்தம்.)

என் தம்பி ஒன்றாம் வகுப்பு. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது அந்தத் தவளையை எடுத்துப் பிரித்துவிட்டான். கூட்டைக் கிழித்து, கையை மேலே தூக்கி, காலை மடக்கி, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து அதனோடு பேசிக்கொண்டு இருந்தான். அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தார். திட்டவில்லை. அடிக்கவில்லை. கிழிந்த அட்டையைக் கையில் எடுத்து அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இது 2002-ல் வந்தது. இனிமே கிடைக்காதுடா" என்று மட்டும் சொன்னார். அம்மா விலை கேட்டார்கள். அண்ணன் சொன்ன விலையைக் கேட்டு அம்மா முகமே மாறிவிட்டது. பணம் தருகிறேன் என்று சொன்னதற்கு அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி தம்பிக்கு முதுகில் ரெண்டு விழுந்தது, அம்மா கையால்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவன் என்னிடம் கேட்டான்: "அக்கா, அது பொம்மைதானே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கேட்காமல் எடுத்தது தப்பு. அதை நான் அவனிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி தப்பா?

முதலில் அந்தத் தவளை யார் என்று சொல்லுகிறேன். அண்ணன் கோபம் ஆறிய பிறகு அவரே எனக்குச் சொன்னது பாதி, கம்ப்யூட்டர் லேபில் டீச்சர் அனுமதியோடு படித்தது பாதி.

அதன் பெயர் கெர்மிட். அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் என்பவர் 1955-ல் அதைச் செய்தார். அப்போது அவருக்கு 18 வயது, நம்மைவிட நாலைந்து வயசுதான் கூட. அவருடைய அம்மா போட்டுத் தூக்கி எறிந்த பழைய கோட்டு, அதுதான் கெர்மிட்டின் தோல். பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண் வைத்தார். அவ்வளவுதான்! வாஷிங்டன் ஊர் டிவியில் அஞ்சு நிமிஷ நிகழ்ச்சிக்காகச் செய்தது. அப்போது அது தவளைகூட இல்லையாம், பல்லி மாதிரி ஏதோ ஒன்று. பிறகுதான் தவளை ஆயிற்று.

மரத்தில் செய்த பொம்மைக்கு முகம் மாறாது. சிரித்தாலும் அழுதாலும் ஒரே முகம்தான். ஹென்சன் துணியிலும் நுரை ரப்பரிலும் செய்ததால் உள்ளே இருக்கும் கை விரலை மடக்கினாலே பொம்மையின் முகம் சுருங்கும், கோணும், முறைக்கும். ஆட்டுகிறவர்கள் கேமராவுக்குத் தெரியாமல் கீழே ஒளிந்துகொண்டு, கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, எதிரே ஒரு சின்ன டிவியில் தங்கள் பொம்மையைப் பார்த்துக்கொண்டே ஆட்டுவார்களாம். நான் ஒரு சாக்ஸை மாட்டிக் கையைத் தூக்கிப் பார்த்தேன். மூணு நிமிஷத்தில் தோள் விட்டுப்போச்சு. சமையல்கார பொம்மை ஒன்று உண்டு, ஸ்வீடிஷ் செஃப் என்று. அதற்குத் தலையை ஹென்சன் ஆட்ட, இரண்டு கையும் வேறொருவருடைய நிஜமான மனிதக் கை. ஒருவர் பேச இன்னொருவர் கை ஆடுகிறது. அதைப் பார்த்து நானும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். (அண்ணனும் சிரித்தார். அதனால்தான் அவர் மேல் எனக்கு முழுக் கோபம் வரவில்லை.)

1969 நவம்பர் 10-ஆம் தேதி செசமி ஸ்ட்ரீட் என்ற நிகழ்ச்சி ஆரம்பித்தது. நர்சரிக்கு அனுப்ப வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் சேரும் முன்னாடி எழுத்தும் எண்ணும் கற்றுக்கொள்ளட்டும் என்று செய்தது. கெர்மிட் அதில் செய்தியாளராக மைக்கைப் பிடித்துக்கொண்டு வரும். பிறகு 1976 முதல் 1981 வரை தி மப்பட் ஷோ. அமெரிக்க டிவிக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னதால் இங்கிலாந்தில் போய் 120 பகுதி எடுத்தார்கள். ஹென்சன் 1990-ல் 53 வயதில் இறந்துவிட்டார். அண்ணன் வைத்திருக்கும் பொம்மைகள் அதற்கு ரொம்பப் பின்னால், 2002 முதல் பாலிசேட்ஸ் டாய்ஸ் என்ற கம்பெனி செய்தவை. அந்தக் கம்பெனியை 2006-ல் மூடிவிட்டார்கள். அதனால்தான் "இனிமே கிடைக்காது."

இப்போது அண்ணன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒருதலையாக எழுதினேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

டிவியில் வந்த நிஜமான கைப்பொம்மைகள் நுரை ரப்பரில் செய்தவை. வருஷம் போகப் போக நுரை ரப்பர் பழைய பன் மாதிரி உதிர்ந்து போகும். ஆட்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். அப்படி இருக்கும்போது மூக்கு, முடி, சட்டை எல்லாம் அச்சு அசலாகச் செய்த இந்தச் சின்ன பொம்மைகள்தான் மிச்சம் என்கிறார் அண்ணன். அந்த பயந்தாங்கொள்ளி பீக்கருக்கு ஆய்வுக்கூடமே செய்திருக்கிறார்கள். செஃபுக்கு ஒரு அடுப்படி. இதை ஒருவர் பத்திரமாக வைக்காவிட்டால் எல்லாம் குப்பைக்குத்தான் போகும். நியாயம்தான். 2010-ல் ஹென்சனின் மனைவி அந்த முதல் கெர்மிட்டை வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அம்மா கோட்டில் செய்த அதே தவளை. அதை யாராவது என் தம்பி கையில் கொடுத்து "விளையாடு" என்று சொன்னால் நானே வேண்டாம் என்பேன்.

என் பெஞ்ச் தோழி இன்னொன்று கேட்டாள். "உங்க தெருவில் கொலு வைக்கிறாங்களே, அந்த பொம்மையை வச்சு யாராவது விளையாடுறாங்களா? அதுவும் சேகரிப்புதானே?" இந்தக் கேள்வியில் நான் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டேன். உண்மைதான். கொலு பொம்மையைத் தொட்டால் பாட்டி கையில் ஒன்று போடுவார். ஆனால் யோசித்துப் பார்த்தேன். கொலு பொம்மையைப் பழைய வேட்டியிலும் பேப்பரிலும் சுற்றி பரண்மேல் வைக்கிறார்கள், சரி. நவராத்திரிக்குப் பிரிக்கிறார்கள் அல்லவா? தெருவையே கூப்பிட்டுக் காட்டி, பாட்டுப் பாடி, சுண்டல் வேறு கொடுக்கிறார்கள். மூக்கு உடைந்த செட்டியார் பொம்மையைக்கூட யாரும் தூக்கிப் போடுவதில்லை, அரிசி மூட்டைக்குப் பின்னால் திருப்பி வைத்துவிடுவார்கள். பிரிக்காமலே பரணில் வைத்து, "விலை ஏறட்டும்" என்று காத்திருந்தால் அதைக் கொலு என்று சொல்ல முடியுமா? தோழிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்னும் வாதம் முடியவில்லை.

விலை. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பொம்மை எப்படி இருக்கிறது என்பதைவிட அட்டையின் மூலை மடங்கி இருக்கிறதா, மூடி மஞ்சள் ஆகிவிட்டதா என்றுதான் அண்ணனும் அவர் நண்பர்களும் போனில் பேசிக்கொள்கிறார்கள். தவளைக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. கை கால் எல்லாம் நல்லா மடங்குது. ஆனாலும் அதன் மதிப்பு போய்விட்டது, அட்டை கிழிந்ததால்! அப்படியானால் அண்ணன் சேகரித்தது பொம்மையையா, அட்டையையா? நான் இதை அவரிடமே கேட்டேன். "நீ வக்கீலுக்குப் படி" என்றார்.

1996-ல் அமெரிக்காவில் எல்மோ என்ற செசமி ஸ்ட்ரீட் பொம்மைக்கு அடிபிடி ஆனதாம். கூச்சம் காட்டினால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் பொம்மை. கடையில் 30 டாலருக்கும் குறைவு. கிறிஸ்துமஸ் நேரத்தில் அதை வாங்கிப் பதுக்கி நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றார்கள். யாருக்காக அந்த நிகழ்ச்சியைச் செய்தார்களோ, அந்த வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த எல்மோ கிடைத்திருக்குமா? நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

இதற்கு எதிர்மாறாக ஒன்று நடந்தது இங்கிலாந்தில். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். அங்கே தண்டர்பேர்ட்ஸ் என்று ஒரு பொம்மலாட்ட டிவி தொடர், 1965-ல் வந்தது. நூலில் ஆடும் பொம்மைகள் ராக்கெட்டில் போய் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றும். 1990-களின் ஆரம்பத்தில் அதை மறுபடி ஒளிபரப்ப, பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அவர்கள் குடியிருக்கும் டிரேசி தீவை பொம்மையாக விற்றார்கள். 1992 கிறிஸ்துமஸுக்கு எந்தக் கடையிலும் இல்லை, தீர்ந்துபோச்சு. அப்போது பி.பி.சி.யின் புளூ பீட்டர் நிகழ்ச்சியில், அட்டை, காலி டப்பா, காகிதக் கூழ் இதையெல்லாம் வைத்து வீட்டிலேயே அந்தத் தீவைச் செய்வது எப்படி என்று செய்து காட்டினார்கள். செய்முறைத் தாள் கேட்டு கடிதம் குவிந்துவிட்டதாம். கடைப் பொம்மை கிடைக்காத பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் கோந்தும் கையுமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அதில் பாதித் தீவு கோணலாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணனிடம் டாய் ஸ்டோரி படத்தின் இரண்டாம் பாகம் (1999) இருந்தது, பார்த்தோம். அதில் வரும் உட்டி, பழைய பொம்மலாட்ட டிவி நிகழ்ச்சியில் வந்த கவ்பாய். அவனையும் அவன் கூட்டத்தையும் ஒரு சேகரிப்பாளர் ஜப்பான் அருங்காட்சியகத்துக்கு விற்கப் பார்க்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு தாத்தா பொம்மை மட்டும் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஒரு குழந்தைகூட அவரைத் தொட்டதில்லை. கடைசியில் வில்லன் அவர்தான்! இதைப் பார்க்கும்போது நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

என் கருத்து இதுதான். சேகரிக்கலாம், ஆசை தப்பில்லை. பிரித்து வையுங்கள். அடுப்படியில் செஃபை நிறுத்துங்கள், பீக்கரை ஆய்வுக்கூடத்தில் நிறுத்துங்கள். வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து இவன் யார், இவள் யார் என்று கதை சொல்லுங்கள். உங்கள் கையில் வைத்தே காட்டுங்கள், பரவாயில்லை. விலை ஏறும் என்று பூட்டி வைக்க நகை இருக்கிறது, நிலம் இருக்கிறது, பொம்மையையும் ஏன் அந்த வரிசையில் சேர்க்கணும்? நம்ம நாட்டிலும் 2006-ல் செசமி ஸ்ட்ரீட் மாதிரியே கலி கலி சிம் சிம் என்று இந்தியில் வந்தது. அதில் சம்கி என்று பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட ஒரு சின்னப் பெண் பொம்மை. சம்கி பொம்மை என் கைக்கு வந்தால் அந்த நிமிஷமே பிரித்துவிடுவேன். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஒருத்தி ஆயுசு முழுக்கக் கூட்டுக்குள்ளே நிற்பதா?

போன வாரம் அண்ணன் போன் பண்ணினார். அந்தத் தவளையை மறுபடி அட்டையில் வைத்து ஒட்டப் பார்த்தாராம், முடியவில்லை. இப்போது அது கம்ப்யூட்டர் மேல் உட்கார்ந்திருக்கிறதாம், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "உன் தம்பி வச்ச மாதிரியேதான் வச்சிருக்கேன்" என்றார். தம்பியிடம் போனைக் கொடுத்தேன். அவன் "சாரி அண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

எங்கள் வீட்டிலும் ஒரு கெர்மிட் தயாராகிறது. அம்மாவின் பழைய பச்சை ரவிக்கைத் துணி கிடைத்துவிட்டது. உள்ளே வைக்க பழைய சாக்ஸ். வாய்க்கு சிவப்பு அட்டை வெட்டியாச்சு. கண் மட்டும்தான் பாக்கி. பி.டி. சார் இதைப் படித்தால், விரிசல் விட்ட டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று இருந்தால் தயவுசெய்து எனக்குத் தரவும். ஒன்று போதும் சார், இரண்டாக வெட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி