26 வரட்டியும் ஒரு சிறுவீடும்

கேள்வி: வீட்டில் 3 வயதிலும் 6 வயதிலும் இரண்டு குழந்தைகள். அரையாண்டுத் தேர்வு விடுமுறை வந்தால் நாள் முழுக்க கைப்பேசியும் கையுமாகத்தான் இருக்கிறார்கள். பிசான நெல்லுக்குக் களை எடுக்கும் நேரம் என்பதால் பெற்றோர் இருவரும் வயலுக்குப் போயாக வேண்டும். பனியில் வெளியே விட்டால் சளி பிடிக்குமோ என்ற பயமும் இருக்கிறது. செலவில்லாமல் பிள்ளைகளை எப்படிச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது?
- வாசகி ஒருவர், ஸ்ரீவைகுண்டம் வட்டம்.

பதில்: இந்தக் கேள்விக்கு அதே தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒரு விவசாயக் குடும்பம் பதில் வைத்திருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நெல்லும் கொஞ்சம் வாழையும் உள்ள வீடு அது. அப்பா, அம்மா, ஆச்சி, இரண்டு பிள்ளைகள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. மார்கழி பிறந்த கையோடு வந்த வெள்ளம் அது. அந்தக் குடும்பம் இரண்டு ராத்திரி பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தது. தண்ணீர் வடிந்து கீழே இறங்கியபோது தொழுவத்தில் பசுவும் இல்லை, கன்றும் இல்லை. அப்போது மூத்தவளுக்கு 5 வயது, தம்பிக்கு 2. அந்த மார்கழியில் அந்த வீட்டு வாசலில் கோலம் விழவில்லை.

அதன் பிறகு ஓட்டின் மேல் மழைச் சத்தம் கேட்டாலே மூத்தவள் ஆச்சி மடியில் வந்து ஒட்டிக்கொள்வாள். அவளைப் பராக்குப் பார்க்க வைக்கத்தான் முதலில் கைப்பேசியைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் அதை வாங்குவதுதான் பெரும்பாடாகப் போனது.

அடுத்த மார்கழி பிறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம், ஆச்சி நாலு வீடு தள்ளிப் போய் ஒரு சட்டிச் சாணி வாங்கி வந்தார். "நம்ம வீட்லதான் மாடு இல்லையே ஆச்சி" என்றாள் பேத்தி. "மாடு இல்லன்னா மார்கழி வராதாளா? காலைல சீக்கிரம் எந்திரி, வேலை கெடக்கு" என்றார் ஆச்சி.

தெற்கத்திச் சீமையில் சிறுவீட்டுப் பொங்கல் தெரியாத பாட்டிகள் இருக்க மாட்டார்கள். மார்கழி முழுக்க விடியலில் கோலம் போட்டு, சாண உருண்டை பிடித்து, அதில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். வாடிய பூவையும் சாணத்தையும் சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காய வைத்துச் சேர்ப்பார்கள். தைப்பொங்கல் முடிந்தபின் ஒரு நாள், முற்றத்தில் களிமண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, அங்கே பிள்ளைகளே பொங்கலிடுவார்கள். பிறகு சேர்த்து வைத்த வரட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவார்கள். நாளும் முறையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் எங்கே நடந்தாலும் அது பிள்ளைகளின் பொங்கல்தான்.

அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை பிரிக்கப்பட்டது. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போடுவார். தம்பி சாணம் உருட்டுவான். முதல் நாள் அவன் பிடித்த உருண்டை அவன் தலை அளவுக்கு இருந்தது. அதையும் கோலத்தின் நடுவில்தான் வைத்தார்கள். அக்காவுக்குப் பூப்பறிக்கும் வேலை. வயலுக்குப் புறப்படும் முன் அப்பா அவளைப் பூசணிக் கொடிக்குக் கூட்டிப் போவார். பூவுக்கு அடியில் உருண்டையாகக் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ, தொடக்கூடாது. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ, பறிக்கலாம். மூன்றே நாளில் அவள் தம்பிக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

போகும் வழியில் வயலில் இன்னொரு வேடிக்கை. நெல் தாள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முத்துத் தண்ணீர் நிற்கும். எல்லாம் பனிதான் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நுனியில் தொங்குகிற அந்தச் சொட்டு, வேர் உறிஞ்சிய தண்ணீரை ராத்திரியில் பயிரே வெளியே தள்ளியது. இலைப் பரப்பு முழுக்கப் பூத்தாற்போல் படிந்திருப்பதுதான் பனி. இதை அப்பா சொன்னதும், "அப்போ நெல்லு அழுதா?" என்று கேட்டாள் மகள். "இல்லம்மா, வயிறு நெறஞ்சிருக்கு" என்றார் அப்பா. வரப்பில் சிலந்தி வலையில் பனி கோத்து நிற்பதை எண்ணுவது, வாயைக் குவித்துப் புகை விடுவது என்று வீடு திரும்பும்வரை விளையாட்டுதான். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அப்பாவுக்கு வயல் வேலையும் கெடவில்லை.

வெயில் ஏறியதும் ஆச்சியோடு பனங்கிழங்குப் பாத்தி. ஒரு நாளைக்கு ஐந்தாறு கிழங்கு மட்டும்தான் தோண்ட வேண்டும் என்பது ஆச்சி போட்ட சட்டம். ஒரே நாளில் தோண்டிவிட்டால் மறுநாள் விளையாட்டு ஏது? கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்து, நடு நரம்பை உருவி, நாரைக் கிழித்துத் தின்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பனங்கொட்டையை வெட்டி உள்ளே இருக்கும் தவுணை எடுத்துக் கொடுப்பது ஆச்சியின் வேலை. அரிவாள் பிள்ளைகள் கைக்குப் போகாது.

சாயங்காலம் வரட்டி தட்டி, சுவரோரம் வரிசையாக வைத்து எண்ணுவார்கள். தம்பி 12 வரைக்கும் சரியாக எண்ணி, அதன் பிறகு 15, 19 என்று தாவுவான். மார்கழிக்கு 29 நாள். மூன்று நாள் மழை. மிச்சம் 26 வரட்டி.

அந்த மழை நாட்களில் ஒன்றில், மூத்தவள் முதன்முறையாக ஆச்சி மடிக்கு ஓடவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு வரட்டிகளை மூட ஓடினாள்.

தை மாதம் சிறுவீடு எழும்பியது. களிமண் சுவர் ஒரு சாண் உயரம். வாசல், அடுப்படி, பட்டாசல் எல்லாம் இருந்தன. தம்பி கூடுதலாக ஒரு தொழுவமும் கேட்டுக் கட்ட வைத்தான். சின்னப் பானையில் பொங்கல் பொங்கியது. வரட்டிகளை ஆற்றுக்குக் கொண்டு போகலாம் என்றபோதுதான் மூத்தவள் நின்றுவிட்டாள். "நம்ம மாட்டை அந்த ஆறுதான கொண்டு போச்சு. அதுக்கு எதுக்கு நம்ம பொங்கல் குடுக்கணும்?"

யாரும் உடனே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி சொன்னார். "கொண்டு போனதும் அதுதாம்ளா. நம்ம வயலுக்குத் தண்ணி தாரதும் அதுதான். உனக்குக் குடுக்க இஷ்டமில்லன்னா குடுக்காண்டாம்."

அந்த வருஷம் 25 வரட்டிகளைக் கரைத்துத் தென்னை மூட்டில் ஊற்றினார்கள். ஒன்றை மட்டும் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போய், படித்துறையின் மேல் படியில் நின்று, மூத்தவளே ஆற்றில் விட்டாள். அந்த ஒன்றுக்குத்தான் அவள் சம்மதித்தாள். அதுவே அந்த வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

கைப்பேசியை யாரும் பிடுங்கி ஒளித்து வைக்கவில்லை. காலையிலும் சாயங்காலத்திலும் பிள்ளைகளுக்கு என்று ஒரு வேலை இருந்தது. அவர்கள் செய்யாவிட்டால் அது நின்றுபோகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டிச் சாணியும் ஆச்சியும் இருக்கும் வீடுகளில் இதற்கு வேறு செலவில்லை.

சளி பற்றிய பயத்துக்கு: சளி கிருமியால் வருகிறது, பனியால் அல்ல. காதை மூடித் துணி கட்டி, உடம்பை மறைக்கும் சட்டை போட்டு, வெளிச்சம் வந்தபின் அழைத்துப் போனால் போதும். இழுப்பு உள்ள பிள்ளைகளை மட்டும் வெயில் வந்தபின் வெளியே விடவும். சாணம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட விடக்கூடாது.

கேள்வி: தினமும் பூசணிப்பூ பறித்தால் காய் குறைந்துவிடாதா?

பதில்: ஆண் பூவை மட்டும் பறித்தால் குறையாது. பூசணியில் ஆண் பூக்களே அதிகம். ஆனால் எல்லா ஆண் பூவையும் வழித்துவிடக் கூடாது. மகரந்தம் இல்லாமல் பெண் பூ பிஞ்சிலேயே வெம்பி விழும். பூ விரிவது விடியலில், தேனீ வருவதும் காலையில்தான். அந்த நேரத்துக்குக் கொடியில் போதுமான ஆண் பூக்களை விட்டு வைக்கவும். காலையில் பூச்சிக்கொல்லி தெளிப்பதையும் தவிர்க்கவும்.

கேள்வி: பிள்ளைகளுக்காகவே ஒரு பனங்கிழங்குப் பாத்தி போட ஆசை. எப்போது போடலாம்?

பதில்: பனம்பழம் விழுகிற ஆவணி, புரட்டாசியில் கொட்டைகளைச் சேர்த்து வைக்கவும். மணல் கலந்த மண்ணை மேடாகக் கூட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு மூடினால் போதும். இதன் முளை மேலே வராமல் முதலில் கீழே இறங்கும். அதனால்தான் மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். மார்கழி, தையில் தோண்டலாம். குருத்து வெளியே நீண்ட பிறகு தோண்டினால் நார் ஏறிவிடும்.

கவனத்துக்கு: மழைக்குப் பின் வயல்வெளியில் குழிகளும் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் நிறைந்து கிடக்கும். பெரியவர் துணை இல்லாமல் சிறு பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது. வைக்கோல் போரிலும் விறகுக் குவியலிலும் கைவிட்டு விளையாட விடாதீர்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகவும். புதரில் விளையாடிய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சூடு வைத்தாற்போல் கருப்புப் பொருக்கு தெரிந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும். நேரத்தில் மருந்து கொடுத்தால் குணமாகக்கூடிய நோய் அது.