திறப்பதே அரிது

திருமறைக்காட்டுக் கதவின் கதையைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட வாயிற்கதவு நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. அடியார்கள் வேறொரு வாயில் வழியே சென்று வந்தனர். திருநாவுக்கரசர் பதிகத்தை நிறைவுவரை பாடிய பின்னரே அது திறந்தது. திருஞானசம்பந்தர் பாடியபோதோ முதற்பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. திறப்பதற்கு அத்தனை காலம், அடைப்பதற்கு ஒரு நொடியா என்று அப்பரடிகள் மனம் கலங்கினார் என்கிறார் சேக்கிழார். இதற்குச் சமய நோக்கில் விளக்கங்கள் பல உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஓர் எளிய உலகியல் உண்மையை மட்டுமே: அடைப்பது எளிது, திறப்பதே அரிது.

பழைய வேனுக்கு ரிமோட்டில் இயங்கும் சென்ட்ரல் லாக் பொருத்துவதைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு அப்பர் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். அந்த வேலையைச் செய்து கொள்கிற பெரும்பாலோர் பூட்டுவதை மட்டுமே எண்ணுகிறார்கள், திறப்பதை எண்ணுவதில்லை என்பதே நம் கருத்து. ஆதலால் அப்பரின் கலக்கம் நமக்கு வேண்டியிருக்கிறது.

நம் வீட்டில் இருப்பது 2003-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-இல் ஆம்னி எனப் பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. இன்று ஓடும் ஆம்னிகள் யாவும் பழையனவே. 796 சி.சி. எஞ்சினும் ஐந்து கதவுகளும் கொண்ட அந்தச் சிறு பெட்டிக்குள் ஒரு குடும்பமே அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளையும் மருத்துவமனைக்குச் செல்லும் முதியோரையும் திருமணச் சீரையும் அது சுமந்திருக்கிறது. அதன் குறை, இறங்கிய பிறகு ஐந்து கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருப்பது. எப்படியும் ஒன்று விட்டுப்போகும். ஆகவே ஒரு பொத்தானில் எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம். பழைய வண்டிக்கு எதற்கு இந்தச் செலவு என்று கேட்போருடன் நமக்கு உடன்பாடில்லை. வண்டி பழையதாயினும் அதில் ஏறுவோர் விலைமதிப்பற்றவர் அல்லரோ!

ஆனால் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் கருத்து வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நான்கு கதவுகளுக்கான செட். “சார், அஞ்சாவது கதவுக்கு மோட்டார் தனியா வாங்கணும்” என்று எலக்ட்ரீசியன் சொல்வார். வாங்கத்தான் வேண்டும், ஒரு கதவை விட்டுவிட்டுப் பூட்டுவது பூட்டாமைக்குச் சமம். ஓட்டுநர் கதவில் இருக்கும் மோட்டாருக்கு ஐந்து ஒயர்கள். தாழின் நிலையைக் கண்டு மற்றவற்றுக்கு அறிவிப்பது அதுவே. ஏனைய கதவுகளின் மோட்டார்களுக்கு இரண்டிரண்டு ஒயர்கள் போதும். மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும், எதிர்த்திசையில் பாய்ந்தால் திறக்கும்.

பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுகளில்தான் சிக்கல். முன்கதவில் கீலை ஒட்டி ரப்பர் குழலுக்குள் ஒயரைக் கொண்டுபோய்விடலாம். தள்ளும் கதவோ வண்டியின் உடலை விட்டு விலகிப் பின்னே ஓடுவது. அதனுடன் ஒயரும் ஓட முடியாது. ஆதலால் கதவிலும் தூணிலும் ஸ்பிரிங் வைத்த தொடுமுனைகளைப் பொருத்துவார்கள். கதவு முழுதாக மூடியிருக்கும்போது மட்டுமே அவை ஒன்றையொன்று தொடும். கதவு சற்றே திறந்திருக்கையில் பொத்தானை அழுத்தினால் அந்தக் கதவுக்கு மட்டும் செய்தி போய்ச் சேராது. பிறகு மூடினாலும் அது பூட்டாமலே இருக்கும். மூடிவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். தூசியோ துருவோ படிந்தால் பூட்டிய கதவு திறவாமலும் போகும். தொடுமுனைகளை அவ்வப்போது துடைத்து வைப்பது நம் கடமை.

சாவி என்னும் சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. நம் சொல் திறவுகோல். ரிமோட்டோ கோலே இல்லாத திறவுகோல். 1982-இல் ரெனோ ஃபுயேகோ காரில் அகச்சிவப்பு ஒளியால் இயங்கிய ரிமோட்டை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ்; அவர் பெயரையொட்டிப் பிரெஞ்சுக்காரர்கள் அதனைப் ‘பிளிப்’ என்றழைக்கிறார்கள். இன்றைய ரிமோட்டுகள் வானொலி அலையில் ஓர் எண்ணை அனுப்புகின்றன. மலிவான செட்டுகள் சிலவற்றில் அந்த எண் எப்போதும் ஒன்றே. அதைப் பதிவு செய்துகொண்ட ஒருவன் மறுபடி ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும். ஒவ்வொரு முறையும் எண் மாறிக்கொண்டே போகும் ‘ரோலிங் கோடு’ வகையைக் கேட்டு வாங்குவதே நன்று. அதுவும் கதவைக் காக்குமேயன்றி எஞ்சினைக் காக்காது. சென்ட்ரல் லாக் இருப்பதால் வண்டி திருட்டுப் போகாது என்று நம்புவது பேதைமை.

இனி, திறப்பதற்கு வருவோம். கதவுக்குள் இருக்கும் மோட்டார், கை நகர்த்தும் அதே தாழ்க்கம்பியைத்தான் நகர்த்துகிறது. எனவே மின்சாரம் இல்லாவிட்டாலும் கையாலும் சாவியாலும் கதவு திறக்கவேண்டும். கம்பியைக் கோணலாக வளைத்துப் பொருத்திவிட்டால் தாழ் இறுகிவிடும். மோட்டார் முக்கி முனகித் திறப்பதை ஒரு குழந்தையின் விரலால் திறக்க இயலாது. வெயிலில் மூடிக்கிடக்கும் வண்டிக்குள் வெப்பம் விரைந்து ஏறும். ஒரு மணி நேரத்தில் ஏறக்கூடிய வெப்பத்தில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். உள்ளே சிக்கிய பிள்ளைக்கு அந்த அரை மணியே உயிர்.

இரண்டாவது, தானே மறுபடி பூட்டிக்கொள்ளும் வசதி. பொத்தானை அழுத்தித் திறந்தபின் அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால் பல செட்டுகள் மீண்டும் பூட்டிவிடுகின்றன. கதவு திறந்ததை அறிவிக்கும் ஒயரைப் பழைய வண்டியில் இணைக்காமல் விட்டால், நாம் சாவியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிக் கதவைச் சாத்திய மறுகணமும் அது பூட்டிக்கொள்ளும். பின்னிருக்கையில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தால் என்னாவது? அந்த ஒயரை இணைத்துத் தரச் சொல்ல வேண்டும். இயலாதென்றால், தானே பூட்டாத செட்டைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, சாவியை மறப்பது. ரிமோட் வந்த பிறகு பூட்டின் துளையில் ஆண்டுக்கணக்கில் சாவி நுழைவதே இல்லை. தூசி படிந்து துளை இறுகிவிடுகிறது. வண்டியின் பேட்டரி செத்த நாளில் ரிமோட்டால் பயனில்லை, சாவியும் திரும்பாது. மாதம் ஒருமுறையேனும் சாவியால் பூட்டித் திறப்பது நல்ல வழக்கம். ரிமோட்டுடன் சாவியையும் ஒரே வளையத்தில் வைத்திருப்பது அதனினும் நல்லது.

பழைய ஒயர்களைக் கீறி டேப் சுற்றி மின்சாரம் எடுக்காமல், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியே எடுக்கச் சொல்லுங்கள். துளையிட்ட இடங்களில் பெயின்ட் பூசச் சொல்லுங்கள். கதவுக்குள் மழைநீர் இறங்கும், துரு பிடிக்கும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீசியன் பெருமிதத்துடன் பொத்தானை அழுத்திக் காட்டுவார். ஐந்து கதவுகளும் ‘டக்’கென்று ஒரே குரலில் பூட்டிக்கொள்ளும். அதைக் கேட்டு மகிழ்ந்து பணத்தை நீட்டிவிடாதீர்கள். ஒருவர் உள்ளே அமர்ந்திருக்க, எல்லாக் கதவுகளையும் பூட்டச் சொல்லுங்கள். பேட்டரியின் முனையை முன்னமே கழற்ற வழியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இல்லையேல் சென்ட்ரல் லாக்கின் ஃபியூஸை உள்ளிருப்பவரே எடுக்கட்டும். பிறகு அவர் உட்புறத் தாழ்களைக் கையால் விடுவித்து வெளியே வரட்டும். நீங்கள் சாவியால் வெளியிலிருந்து திறந்து பாருங்கள். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் அதன் விரல்களாலும் ஒருமுறை தாழை நகர்த்திப் பார்க்கச் செய்யுங்கள். அவ்வளவும் தேறிய பிறகு கூலியைக் கொடுக்கலாம்.